கையெழுத்துக்குக் கீழே ஒரு தேதி

பிப்ரவரி 3, திங்கள்

உறுதியானது: ஆலங்கரைத் தொகுதி உறுப்பினர் தில்லைக்கரசி கொண்டுவந்த பரிந்துரைக் கடிதப் பதிவு மசோதா, பதினோரு பேர் கொண்ட பேரவைக் குழுவின் ஆய்வுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. ஆதாரம்: பேரவைச் செயலகத்தின் அறிவிப்பு, இன்று பகல் 12.40. நகல் என் பையில் இருக்கிறது.

மசோதா இரண்டு பக்கம்தான். எம்.எல்.ஏ.வோ அமைச்சரோ யாருக்காவது வேலை, இடமாற்றம், வீட்டு ஒதுக்கீடு என்று அதிகாரிக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தால், அதற்கு ஒரு எண் இட வேண்டும். பதினைந்து நாளுக்குள் அதை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வெளியிட வேண்டும். பழைய கடிதங்களையும் வெளியிட ஒரு பிரிவு இருக்கிறது. கடிதம் எழுதக் கூடாது என்று மசோதா சொல்லவில்லை. ஒளித்து எழுதக் கூடாது என்கிறது, அவ்வளவே.

செய்தி ஆசிரியர் ஜெபராணி, தில்லைக்கரசி பற்றி இருநூறு சொல்லில் பின்னணி கேட்டிருக்கிறாள். இங்கே எழுதிப் பார்க்கிறேன். வயது 54. முன்பு தபால் அலுவலக ஊழியர். முதல் முறை சுயேச்சையாக வென்றார். பின்னர் இன்றைய ஆளுங்கட்சியில் சேர்ந்து இரண்டு முறை வென்றார். ஆனாலும் சொந்தக் கட்சியின் அமைச்சரிடமே மணல் லாரிகள் பற்றிப் பதினேழு கேள்விகள் கேட்டவர். உறுப்பினர் சம்பள உயர்வை எதிர்த்துப் பேசிவிட்டு, வாக்கெடுப்பின்போது தனியாக வெளியே போய் நின்றவர். தான் எழுதும் ஒவ்வொரு சிபாரிசுக் கடிதத்தின் நகலையும் தொகுதி அலுவலகப் பலகையில் ஒட்டிவைப்பவர்.

பழைய செய்திகளைப் புரட்டியதில், நான் அவரைப் பற்றி எழுதிய ஒன்பது கட்டுரைகளில் ஆறில் 'பிடிவாதக்காரர்' என்ற சொல் இருக்கிறது. 'சுயமாக முடிவெடுப்பவர்' என்று ஒன்றிலும் இல்லை.

குழுவுக்கு அனுப்புவது என்றால் பெரும்பாலும் புதைப்பதற்குத்தான். அறிக்கை இந்தக் கூட்டத்தொடருக்குள் வர வேண்டும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. மெக்கானிக் நாளை வருகிறாராம்.

பிப்ரவரி 6, வியாழன்

காலைப் பேருந்தில் ஆலங்கரை போனேன். தில்லைக்கரசியின் அலுவலகம் ஒரு பழைய அரிசி மண்டியின் முன்பகுதி. வாசலில் அந்தப் பலகை. இன்றைய தேதிக்கு 2,316 வரை கடித எண் ஓடியிருக்கிறது.

பெஞ்சில் காத்திருந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். மகளுக்கு அங்கன்வாடி வேலைக்குக் கடிதம் கேட்டு வந்தவர்.

"லெட்டர் கேட்டா போர்டுல ஒட்டுவேங்குது. ஊருல பாதிப் பேரு அதே வேலைக்கு மனு போட்ருக்கான். பாத்தா சிரிப்பானுவ சார்."

"அப்போ அடுத்த தடவ ஓட்டு?"

"இந்தம்மாவுக்குத்தான் போடுவேன்."

"ஏம்மா?"

"வேற எந்த எம்.எல்.ஏ.கிட்ட வந்து இப்புடி உக்காந்துகினு திட்ட முடியும்?"

அலுவலகத்தைப் பார்த்துக்கொள்பவர் சுப்பராயலு. தாலுகா அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். சிபாரிசுக் கடிதத்தில் தேதி போடும் வழக்கத்தை அவர்தான் விளக்கினார். எனக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் குறித்துக்கொண்டேன். கடிதம் கேட்டு வருகிற யாரையும் பெரிய மனிதர்கள் வெறுங்கையோடு அனுப்ப முடியாது. எல்லோருக்கும் கொடுப்பார்கள். கையெழுத்துக்குக் கீழே தேதி இருந்தால் அதிகாரி செய்ய வேண்டும். மேலே தேதி இருந்தால் வாங்கி வைத்துக்கொண்டு மறந்துவிட வேண்டும். கொண்டுபோகிறவருக்கு இது தெரியாது.

"நம்ம அம்மா எல்லாத்துக்கும் ஒரே மாதிரிதான் போடும்," என்றார் சுப்பராயலு. "ஆரம்பத்துல ஆபீசருங்க போன் பண்ணுவாங்க. 'ஏங்க, இது நெசமா செய்யணுமா, சும்மாவா'ன்னு. 'படிச்சுப் பாருங்க, நியாயமா இருந்தா செய்யுங்க'ன்னு அம்மா சொல்லும். அதோட அந்த லெட்டரு போச்சு. படிக்கிற வேலய எவன்யா செய்வான்?"

மசோதாவுக்காக, பலிக்காத சிபாரிசுக் கடிதங்களை அனுப்பும்படி தில்லைக்கரசி பொதுமக்களைக் கேட்டிருந்தார். பல மாவட்டங்களிலிருந்து 412 வந்திருக்கின்றன. சுப்பராயலு கட்டை அவிழ்த்துக் கொடுத்தார். முந்நூறுக்கு மேற்பட்டவற்றில் தேதி மேலே இருந்தது. ஒரு கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பேருந்துக்கு நேரமாகிவிட்டதால் உடனே கிளம்பினேன்.

பேருந்து நாற்பது நிமிடம் தாமதமாக வந்தது.

பிப்ரவரி 7, வெள்ளி

ஆலங்கரைச் செய்தி கொடுத்தேன். ஜெபராணி படித்துவிட்டு, "சார், நானூத்திப் பன்னெண்டு லெட்டர் பாத்திருக்கீங்க. ஒண்ணுல கூட என்ன இருந்துச்சுன்னு எழுதலையே? மனுசங்க எங்க சார்?" என்றாள்.

இடமில்லை என்றேன். கால் பக்கம் காலியாக இருக்கிறது என்றாள். சுப்பராயலு சொன்னதைச் சேர்த்து நிரப்பினேன்.

மோட்டார் சரியாகிவிட்டது. கெப்பாசிட்டர் போயிருந்ததாம்.

பிப்ரவரி 10, திங்கள்

குழுவின் முதல் அமர்வு. பொதுவாகக் குழுக் கூட்டங்களுக்கு நிருபர்களை விடுவதில்லை. இந்த முறை தலைவர் கலியபெருமாள் அனுமதித்தார். ஆளுங்கட்சி மூத்தவர், எட்டாவது முறை உறுப்பினர், எதையும் சிரிக்கச் சிரிக்கப் பேசுபவர். "ஒளிச்சு வைக்காதேங்கற சட்டத்த ஒளிஞ்சு உக்காந்தா பேசறது?" என்றார்.

தில்லைக்கரசி 412 கடிதங்களையும் மேசைமேல் வைத்தார். இரண்டு துறைகளின் உயரதிகாரிகள் சாட்சி சொன்னார்கள். இருவரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: அப்படி ஒரு நடைமுறை இல்லை, தேதி மேலே இருப்பதும் கீழே இருப்பதும் தற்செயல்.

"தேதிய எங்க போட்டா என்ன?" என்றார் கலியபெருமாள். "எங்க வீட்டம்மா மளிகைச் சீட்டுல பக்கவாட்டுல போடுவாங்க. அதுக்காக நான் பருப்பு வாங்காம வர முடியுமா?"

சிரிப்பு அடங்கியதும் உறுப்பினர் ஒருவர் கேட்டார்: "அம்மா, நீங்க தோத்தவங்க லெட்டரா கொண்டாந்து கொட்டியிருக்கீங்க. கெடைக்காதவன் ஆயிரம் சொல்லுவான். அதே வேலைக்கு, அதே கையால லெட்டர் வாங்கி ஜெயிச்சவன் ஒருத்தனக் காட்டுங்க. அவன் லெட்டருல தேதி கீழ இருக்கட்டும். அப்ப ஒத்துக்கறோம்."

"கேட்டுப் பாத்துட்டேன் ஐயா. ஜெயிச்சவங்க யாரும் வர மாட்டேங்கறாங்க," என்றார் தில்லைக்கரசி.

கடைசி அமர்வு 24-ஆம் தேதி. அதற்குள் அப்படி ஒருவர் வராவிட்டால் ஆதாரம் இல்லை என்று முடித்துவிடுவார்கள். குழுவில் பத்துப் பேர் வாக்களிப்பார்கள். சமமாக வந்தால் மட்டும் தலைவர் வாக்கு. என் கணக்கில் இன்றைக்கு நான்குக்கு ஆறு.

குறிப்பேட்டில் அந்த உறுப்பினரின் பேச்சை இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறேன். பேனா கசிகிறது. மாற்ற வேண்டும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

கீழ் வரிசைக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாயிற்று. பேசக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வசதியாக இருக்கிறது.

பிப்ரவரி 13, வியாழன்

பேரவை கேண்டீனில் தில்லைக்கரசி என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.

"கொறடா கூப்பிட்டிருந்தார் சார்."

"என்னவாம்?"

"மசோதாவ வாபஸ் வாங்கிட்டா அடுத்த தேர்தல்ல சீட்டு உறுதியாம். இல்லேன்னா யோசிப்பாங்களாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"காபி ஆறுதுன்னு சொன்னேன்."

"எழுதலாமா?"

"எழுதுங்க. எம்பேர போட்டே எழுதுங்க. மூணு தடவ ஜெயிச்சாச்சு. தபாலாபீசுல இருந்திருந்தா இந்நேரம் போஸ்ட் மாஸ்டர் ஆகியிருப்பேன், அவ்வளவுதான் நஷ்டம்."

கொறடா சிங்காரவடிவேலைத் தொலைபேசியில் கேட்டேன். "வைத்தி அண்ணே, நான் நலந்தான் விசாரிச்சேன். அதையும் சேத்துப் போடுங்க," என்றார். சேர்த்துப் போட்டேன்.

கேண்டீனில் எழுந்திருக்கும்போது தில்லைக்கரசி வேறொன்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. "பல்லு எப்படியிருக்கு?" என்றார்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், மே மாதம், ஒரு சொந்த வேலையாக அவரைப் பார்க்கப் போயிருந்தேன். "எழுதித் தர்றேன் சார். ஆனா பலகையில ஒட்டுவேன், பரவாயில்லையா?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். திரும்பப் போகவில்லை. அவருக்கு அது நினைவிருக்குமா என்று தெரியவில்லை. அவர் எண்களை மறப்பதில்லை. மனிதர்களை மறப்பாரா என்பது பற்றி என்னிடம் தகவல் இல்லை.

பிப்ரவரி 15, சனி

கேஸ் புத்தகம் தேடி பீரோவைத் திறந்தேன். கேஸ் புத்தகம் சமையலறையில்தான் இருக்கிறது. எப்போதும் அங்கேதான் இருக்கும்.

பச்சைக் கோப்பில் மூன்றாவது தாள். நகல். அன்றைய அமைச்சர் ஒருவரின் கடிதம். அவர் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன, பெயர் வேண்டாம். கணித ஆசிரியை மீனலோசனியைச் சென்னையிலுள்ள ஒரு அரசு உயர்நிலைப் பள்ளிக்கு மாற்றக் கேட்டு எழுதியது. மே 21 என்ற தேதி கையெழுத்துக்குக் கீழே இருக்கிறது.

மீனலோசனி என் மனைவி. அப்போது அவள் மலையடிவாரத்தில், வெள்ளிமேடு என்ற ஊர்ப் பள்ளியில் இருந்தாள். நான் இங்கே, அவள் அங்கே என்று ஆறு ஆண்டுகள் ஓடின. சென்னையில் காலியிடம் ஒன்று. விண்ணப்பித்தவர்கள் இருவர். இருவரும் வெள்ளிமேட்டுப் பக்கம் அடுத்தடுத்த பள்ளிகளில் இருந்தவர்கள். முதலிடத்தில் இருந்தவர் மரகதவல்லி. அவருக்குப் பணிமூப்பும் இருந்தது, முன்னுரிமையும் இருந்தது. காது கேளாத அவருடைய மகள் சென்னையில் ஒரு சிறப்புப் பள்ளி விடுதியில் படித்தாள். பட்டியல் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. நான் படித்தேன். நிருபர்கள் பட்டியலை முழுதாகப் படிப்பார்கள்.

உத்தரவு மீனலோசனிக்கு வந்தது. "முதல் ஆள் விலகிட்டாங்களாம்," என்று அவளிடம் சொன்னேன்.

ஆலங்கரையில் ஆறாம் தேதி நான் இரண்டு முறை படித்த கடிதம் மரகதவல்லி அனுப்பியது. அதே அமைச்சர், அதே பணியிடம், அதே மே 21. தேதி மேலே.

பிப்ரவரி 16, ஞாயிறு

லோசனி கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்துப் புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து நானும் இரண்டு கொட்டை எடுத்தேன். முப்பது ஆண்டுகளில் நான் புளி ஆய்ந்ததில்லை என்பதால் அவள் என்னைப் பார்த்தாள்.

"என்னங்க, என்ன தப்பு பண்ணீங்க?"

சொன்னேன். கடிதத்தை விரித்த தாளின் ஓரத்தில் வைத்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள். கணக்கு வாத்தியார், ஒருமுறை போதும்.

"அந்தம்மா விலகிட்டாங்கன்னீங்க."

"ஆமா."

"விலகலையா?"

"இல்ல."

அவள் இன்னொரு புளியை எடுத்துக் கொட்டையைப் பிதுக்கினாள்.

"பன்னெண்டு வருசமா அந்தம்மாவ நெனச்சு நான் பரிதாபப்பட்டிருக்கேங்க. புள்ளைய அங்க விட்டுட்டு இடத்த வேணாம்னுட்டாங்களே, வீட்ல என்ன கஷ்டமோன்னு. ஒரு தடவ கோயில்ல அவங்க புள்ள பேருல அர்ச்சனை கூட பண்ணிருக்கேன். பேரு தெரியாம 'அந்தப் பொண்ணு'ன்னு சொல்லி."

"நீ கேக்கல. நானாத்தான் வாங்கினேன்."

"அதான் தெரியுதே. நான் கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

மே மாதம் அவள் தலைமையாசிரியையாக ஓய்வு பெறுகிறாள். குழுவுக்கு நான் போனால் அவள் பெயரும் வெளியே வரும், பள்ளியில் எல்லோரும் பேசுவார்கள், துறை விளக்கம் கேட்கலாம் என்றேன். அவள் புளியை ஜாடியில் அள்ளிப் போட்டாள்.

"என்னைச் சாக்கு வச்சு வாங்கினீங்க. இப்ப என்னைச் சாக்கு வச்சே சும்மா இருக்கப் பாக்குறீங்களா?"

எழுந்து போனவள் திரும்பி வந்து கேட்டாள்: "அந்தம்மா பேரு என்ன சொன்னீங்க?"

பிப்ரவரி 18, செவ்வாய்

சாப்பாடு டிபன் கேரியரில் இருந்தது. பேச்சு இல்லை.

பிப்ரவரி 19, புதன்

லோசனி வெள்ளிமேட்டுக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறாள். சனிக்கிழமை வரச் சொன்னார்களாம். எனக்குத் தகவல் சொன்ன விதம்: "ரெண்டு டிக்கெட் போட்டிருக்கேன். ஜன்னல் சீட்டு எனக்கு."

பிப்ரவரி 22, சனி

ஐந்து மணி நேரப் பயணம். மரகதவல்லி பேருந்து நிறுத்தத்துக்கே வந்துவிட்டார். கூட மகள் நித்திலா. இருபது வயது, பி.காம் இறுதி ஆண்டு. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறாள். பதிலைக் கைப்பேசியில் தட்டிக் காட்டுகிறாள்.

வீட்டில் மரகதவல்லி மோர் கொடுத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தன் கடிதத்தின் நகலை எடுத்துவந்து, இரண்டு கடிதங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். விரலால் ஒரு தேதியையும் மற்றொரு தேதியையும் தொட்டார்.

"மந்திரி வீட்ல எனக்கு டீ குடுத்தாங்க சார். அவரே எழுந்து வந்து, 'கவலப்படாத தங்கச்சி, முடிஞ்சுதுன்னு வச்சுக்க'ன்னாரு. எட்டு கிலோமீட்டர் சந்தோசமா நடந்தே வந்தேன், அந்த லெட்டர வச்சுக்கிட்டு. அவ்ளோ பெரிய மனுசன் எழுதியும் கெடைக்கலன்னா, நம்ம நேரம் சரியில்லன்னு நெனச்சேன். வெள்ளிக்கெழம சாயந்தரம் பஸ் ஏறி மெட்ராசு, ஞாயித்துக்கெழம திரும்பி. ஒம்போது வருசம். அத்தன வருசமும் எங்க கொலசாமியத் திட்டியிருக்கேன்."

நிறுத்தி, மோர் டம்ளரை நகர்த்தினார்.

"இப்ப அதுகிட்ட போயி மன்னிப்பு கேக்கணும். பாவம், அது என்ன பண்ணும்."

லோசனி அழுதுவிட்டாள். மரகதவல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், நீங்க ஏன் அழுவுறீங்க? பசங்களுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தீங்கல்ல, அது வீணா போயிடலல்ல?" என்றார். என்னிடம் அப்படி எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

நித்திலா தன் தாயின் கடிதத்தைப் படித்துவிட்டுத் தட்டிக் காட்டினாள்: 'என்னைப் பத்தி ஒரு வரி கூட இல்லையே?' உண்மை. விண்ணப்பத்தில் இருந்த ஒரே காரணம் அவள்தான். அமைச்சரின் கடிதத்தில் அவள் இல்லை. நான் குறித்துக்கொண்டேன். அவள் என் குறிப்பேட்டை எட்டிப் பார்த்து, தன் பெயரில் நான் எழுதியிருந்த ஒற்று ஒன்றை அடித்தாள்.

திங்கட்கிழமை குழுவுக்கு வர மரகதவல்லி சம்மதித்தார். அவருக்குப் பள்ளியில் ஒரு நாள் விடுப்பு எழுத வேண்டும். லோசனிக்கும்தான்.

மாலையில் தில்லைக்கரசியைத் தொலைபேசியில் அழைத்து, ஜெயித்தவன் ஒருவன் இருக்கிறான் என்றேன். "பலகையில ஒட்டுவேன்னு சொன்னதும் எழுந்து போனீங்களே, அப்பவே வேற எங்கயோ போறீங்கன்னு நெனச்சேன்," என்றார். பிறகு: "பத்து மணிக்கு வந்துடுங்க சார். முதல் சாட்சி நீங்கதான்."

பிப்ரவரி 23, ஞாயிறு

ஜெபராணியிடம் எல்லாவற்றையும் சொல்லி, நாளைக்கு வேறு நிருபரை அனுப்பச் சொன்னேன். இந்த மசோதா பற்றி மூன்று வாரமாக எழுதிக்கொண்டே இதை மறைத்ததற்கு ஆசிரியருக்கு எழுத்தில் விளக்கம் கொடுத்தேன்.

"நானே வர்றேன்," என்றாள். "ஆனா சார், மூணாவது பாராவுல உங்க பேரு வரும். 'மூத்த நிருபர் ஒருவர்'னெல்லாம் போட மாட்டேன்."

"இரண்டாவது பாராவில் போடு. அங்கேதான் அது வர வேண்டும்," என்றேன்.

பிப்ரவரி 24, திங்கள்

சாட்சி நாற்காலியில் உட்கார்ந்ததும் கை பேனாவைத் தேடியது. சாட்சிகள் குறிப்பெடுப்பதில்லை. ஆகவே இதை நினைவிலிருந்து எழுதுகிறேன். சொற்கள் முன்பின் இருக்கலாம்.

என் கடிதமும் மரகதவல்லியின் கடிதமும் குழுவினர் கையில் சுற்றி வந்தன. கூடவே அந்த ஆண்டின் முன்னுரிமைப் பட்டியல். மரகதவல்லியின் கடிதம் வந்தபோதே அதைத் தில்லைக்கரசி தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கியிருந்தார். துறை அதிகாரியிடம் கருத்துக் கேட்டார்கள். அவர் இரண்டு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பதிவேடுகளைச் சரிபார்த்துப் பதில் சொல்வதாகச் சொன்னார். 'தற்செயல்' என்ற சொல்லை இம்முறை சொல்லவில்லை.

ஜெயித்தவனைக் கேட்ட அதே உறுப்பினர் என் பக்கம் திரும்பினார். "நீங்க பத்திரிகைக்காரர். ஊர்ல உள்ள தப்பையெல்லாம் எழுதறவர். பன்னெண்டு வருசம் ஏன் சார் வாயத் தொறக்கல?"

"கிடைத்துவிட்டது, ஐயா. கிடைத்தவனுக்கு அது தப்பாகத் தெரியவில்லை. தெரிந்தபோது சொல்லக் கூச்சமாக இருந்தது. இந்தக் கடிதம் அன்றைக்கே வெளியில் இருந்திருந்தால் நான் வாங்கியிருக்க மாட்டேன். நான் நல்லவன் என்பதால் அல்ல. மரகதவல்லி அம்மா படித்திருப்பார்கள் என்பதால்."

பிறகு மரகதவல்லி பேசினார். நான்கு நிமிடம். டீ கொடுத்தது, எட்டு கிலோமீட்டர், ஒன்பது வருடம். பின்வரிசையில் தில்லைக்கரசி கைகளை மடியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருமுறைகூட எழுந்து எதையும் சேர்க்கவில்லை.

வாக்கெடுப்பு. ஐந்துக்கு ஐந்து. முதல் அமர்வில் எதிர்ப்பக்கம் இருந்தவர்களில் ஒருவர் மாறியிருந்தார், ஜெயித்தவனைக் கேட்டவர்தான்.

எல்லோரும் கலியபெருமாளைப் பார்த்தார்கள். அவர் ஏதாவது வேடிக்கையாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு கடிதங்களையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எட்டுத் தடவ ஜெயிச்சிருக்கேன்," என்றார். "வந்தவங்க யாரையும் சும்மா அனுப்புனதில்லைன்னு பேரு எனக்கு. மேலயும் போட்டிருக்கேன். கீழயும் போட்டிருக்கேன். மேல போட்டவங்க முகம் ஒண்ணு கூட எனக்கு ஞாபகம் இல்ல. இந்தம்மாவ மாதிரி அவங்களும் சந்தோசமாத்தான் நடந்து போயிருப்பாங்க." குறிப்பெழுதுபவரைப் பார்த்தார். "எழுதிக்கய்யா. இந்த வழக்கம் உண்டு. தலைவர் வாக்கு மசோதாவுக்கு ஆதரவு."

ஆறுக்கு ஐந்து. பழைய கடிதங்களையும் வெளியிடும் பிரிவை நீக்கிவிட்டார்கள். சட்டம் வரும் நாளிலிருந்துதான். தில்லைக்கரசி ஒப்புக்கொண்டார். "நாளைக்கு எழுதறது வெளிய வந்தா போதும் எனக்கு. பழசுக்கு இன்னிக்கு ரெண்டு பேரு வந்தாங்களே," என்றார்.

வராந்தாவில் லோசனியும் மரகதவல்லியும் நித்திலாவும் போளி வாங்கித் தின்றுகொண்டிருந்தார்கள். எனக்கும் ஒன்று வைத்திருந்தார்கள். பிடுங்கிய பல் பக்கம் படாமல் மென்றேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

முதல் பக்கம், நான்கு பத்தி. இரண்டாவது பாராவில் என் பெயர். ஜெபராணி நன்றாக எழுதியிருக்கிறாள். ஒரு சொல் மாற்றத் தோன்றவில்லை. தில்லைக்கரசியைச் 'சுயமாக முடிவெடுப்பவர்' என்று குறிப்பிட்டிருக்கிறாள்.

காலையில் பால் வாங்கப் போனபோது எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி பேப்பரை மடித்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். பள்ளியில் லோசனியிடம் இரண்டு ஆசிரியைகள் பேசவில்லையாம்; மூன்றாவது ஆள் தனியாகக் கூப்பிட்டு, தன்னுடைய பழைய லெட்டரில் தேதி எங்கே என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டாளாம்.

"என்ன சொன்னே?"

"படிச்சுப் பாரு, உனக்கே தெரியும்னேன்."

இன்று மூன்று வேளையும் பேசினாள்.

பிப்ரவரி 28, வெள்ளி

ஆசிரியர் கூப்பிட்டார். பேரவைச் செய்தியிலிருந்து இந்தக் கூட்டத்தொடர் முடியும்வரை விலகியிருக்க வேண்டும். எனக்குப் பதில் இதுவரை மாவட்டச் செய்திகளைத் திருத்திக்கொண்டிருந்த ஒரு பெண் போகிறாள். என் தொலைபேசி எண்கள் முழுவதையும் அவளுக்கு எழுதிக் கொடுத்தேன். கொறடாவின் எண்ணுக்குப் பக்கத்தில், 'சொல்வதையும் மறுப்பதையும் சேர்த்துப் போடவும்' என்று குறித்திருக்கிறேன்.

லோசனி துறைக்குத் தானே கடிதம் எழுதிவிட்டாள். நடந்ததைச் சொல்லி, மரகதவல்லிக்குச் சென்னையில் அடுத்த காலியிடத்தில் முதல் உரிமை தர வேண்டும் என்று. கையெழுத்து, தேதி எல்லாம் ஒரே வரியில்.

மார்ச் 3, திங்கள்

உறுதியானது: குழு அறிக்கை இன்று காலை 11.15-க்கு அவையில் வைக்கப்பட்டது. ஆதாரம்: நேரலை, நான் வீட்டிலிருந்து பார்த்தேன். மசோதா அவையின் அலுவல் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கிறது.

தில்லைக்கரசி பிற்பகல் பேசினார். இதுவரை ஆதரவு சொன்னவர்கள் இரு தரப்பிலும் சேர்த்து 113 பேர். அனைவரும் அவையில் இருந்தால் 118 வேண்டும். கட்சி உத்தரவு இருக்குமா, அவரவர் விருப்பத்துக்கு விடுவார்களா என்பதைக் கொறடா இன்னும் சொல்லவில்லை. கலியபெருமாள் வீடு வீடாகப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறாராம். "யாரையும் வெறுங்கையோட அனுப்பாதவரு, இப்ப அவரே கேட்டுப் போறார். பாவம், யாரு இல்லேன்னு சொல்லுவாங்க?" என்று சிரித்தார் தில்லைக்கரசி. சீட்டு பற்றிக் கேட்டேன். வேட்பாளர் பட்டியல் மாதக் கடைசியில். தன் பெயர் இருக்காது என்றே வைத்துக்கொண்டிருப்பதாகவும், இல்லாவிட்டால் மறுபடி சுயேச்சையாக நிற்கப்போவதாகவும் சொன்னார்.

நிலுவையில் இருப்பவை: லோசனியின் கடிதத்துக்குத் துறையின் பதில், மார்ச் 30-க்குள் வர வேண்டும். மரகதவல்லியின் இடமாற்றம், மே மாதக் கலந்தாய்வில் தெரியும். முடிவைச் சொல்லாத உறுப்பினர்கள் பதினான்கு பேர். அவர்களில் ஐந்து பேர் போதும். வாக்கெடுப்பு மார்ச் 19, புதன்கிழமை, கேள்வி நேரம் முடிந்ததும்.